கட்டும் கடலும்: வடசென்னைக் கரையில் சரக்குச் சிப்பங்களின் கதை

கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நின்று பார்த்தால் இருப்புப்பாதைகள் விசிறிபோலப் பிரிவது தெரியும். ஒன்று பேசின் பாலம் வழியாக சென்ட்ரலை நோக்கிப் போகிறது. இன்னொன்று வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரை நிலையத்துக்குப் போகிறது. வடக்கே தண்டையார்பேட்டையின் சரக்கு யார்டும், அதற்கப்பால் எண்ணூரும் கும்மிடிப்பூண்டியும். சற்றுத் தள்ளி பக்கிங்ஹாம் கால்வாய் கறுத்து அசைவற்றுக் கிடக்கிறது. அருகிலுள்ள தெரு ஒன்றின் பெயர் காக்ரேன் பேசின் சாலை. அந்தப் பெயரைத் தினமும் உச்சரிக்கும் ஆட்டோக்காரருக்கும் அங்கு குடியிருப்பவருக்கும் காக்ரேன் யார் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கும் வெகுநாள் தெரியாது.

இலக்கிய நண்பர்கள் கூடும் இத்தளத்தில் சரக்குக் கட்டுவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் புருவம் உயர்த்தலாம். சோழர் கால வணிகக் குழுக்களைப் பற்றியும், நாவாய்களைப் பற்றியும் நாம் நிறையவே பேசியிருக்கிறோம். ஆனால் அந்த நாவாயில் ஏறிய பொதியை யார் கட்டினார், எதைக் கொண்டு கட்டினார், நனைந்தால் யார் தண்டம் கொடுத்தார் என்ற கேள்விகளை நாம் கேட்டதேயில்லை. வரலாறு கப்பல் தலைவனின் பெயரை வைத்துக்கொள்கிறது. கோணி ஊசி பிடித்த கையை அது வைத்துக்கொள்வதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கையைத் தேடிப் போகும் ஒரு சிறிய முயற்சி.

*

தமிழிலிருந்து உலக மொழிகளுக்குச் சென்று நிலைத்த சொற்களில் ஒன்று கட்டுமரம். அச்சொல்லின் முற்பாதியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஆணியடித்துச் செய்ததல்ல, கயிற்றால் கட்டிச் செய்தது. கட்டு என்ற அதே சொல்தான் துணிச் சிப்பத்துக்கும் வழங்குகிறது: துணிக்கட்டு, புகையிலைக்கட்டு, தோல்கட்டு. சென்னையின் கடல் வணிகம் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுக்காலம் கட்டியவற்றை நம்பியே நடந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

1639-ல் ஆங்கிலேயக் கம்பெனி இக்கரையில் இடம் பெற்றபோது இங்கு துறைமுகம் என ஏதுமில்லை. வளைகுடா இல்லை; கப்பல் நுழையத்தக்க ஆழமான கழிமுகம் இல்லை. திறந்த கடலும் நேரான மணற்கரையும் மட்டுமே. கப்பல்கள் கரைக்கு வெகுதொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து விழும் அலைகள். ஐரோப்பியர் கொண்டுவந்த கப்பல் படகுகள் அந்த அலையில் தரைதட்டிப் பிளந்தன. அலையைக் கடக்க வல்லவை இரண்டே: ஒன்று கட்டுமரம், மற்றது மசூலாப் படகு.

மசூலாப் படகு ஓர் அரிய படைப்பு. அதில் ஆணியே கிடையாது; விலாச்சட்டமும் கிடையாது. மெல்லிய பலகைகளை ஒன்றோடொன்று தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். தையலின் கீழ் நாரும் வைக்கோலும் அடைத்திருக்கும். அலை மோதும்போது விறைத்து நிற்காமல் கூடை நெளிவதுபோல நெளிந்து கொடுக்கும். அதனாலேயே உடையாமல் கரை சேரும். ஆனால் தைத்த படகில் நீர் கசியாமல் இராது. ஆகவே அடியில் சுள்ளிகளையும் தழைகளையும் பரப்பி, அதன் மேல்தான் சரக்கை வைப்பார்கள். இன்று கப்பல்துறையில் சரக்கின் அடியில் மரச்சட்டம் இட்டு உயர்த்திவைப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் அந்தச் சுள்ளிப்படுக்கைக்கும். தண்டல் பின்னால் நின்று திசை பிடிக்க, துடுப்புக்காரர்கள் ஒரே குரலில் பாடிக்கொண்டே வலிப்பார்கள். அந்தப் பாட்டைக் குறிப்பிடாத ஐரோப்பியப் பயணக்குறிப்பு அரிது. பாட்டின் பொருளைக் கேட்டு எழுதிவைத்தவர்தான் அதனினும் அரியர்.

கட்டுமரக்காரரோ கடிதம் கொண்டுசெல்பவர். பாயால் நெருக்கமாக முடைந்த கூர்ந்த தொப்பி ஒன்றைத் தலையில் அணிந்திருப்பார். கப்பலுக்குரிய கடிதங்கள் அதற்குள் இருக்கும். அலை அவரை மரத்திலிருந்து தூக்கி எறியும், அவர் நீந்தி மீண்டும் ஏறுவார், கடிதம் நனையாது. இடுப்புத் துணியைத் தவிர வேறேதும் இல்லாத ஒரு மனிதர் பிறருடைய தாளை நனையாமல் காத்த அந்தத் தொப்பியை, சென்னையின் ஏற்றுமதிப் பொட்டலங்களில் மிகச் சிறந்ததாக நான் கருதுகிறேன்.

*

கம்பெனி இக்கரைக்கு வந்தது துணிக்காக. லாங்கிளாத், சேலம்பூர், சீட்டி எனப் பல பெயர்களில் பல தரங்களில் துணி வாங்கினார்கள். வண்ணாரப்பேட்டை என்ற பெயரே அந்த வணிகத்தின் மிச்சம். நெசவாளர் கொண்டுவந்த பழுப்புத் துணியை வெளுத்துத் தந்தவர்கள் குடியிருந்த பேட்டை அது. திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் நெசவாளருக்காக அமைந்தது. காலெட்பேட்டை என்ற பெயர் மக்கள் வாயில் காலடிப்பேட்டையாகித் தமிழ்ப்பெயர் போலவே ஒலிக்கிறது. 1730-களில் சிந்தாதிரிப்பேட்டையும் அவ்வாறே நெசவாளருக்காக எழுந்தது.

வெளுத்த துணி கோட்டைக்கு வரும். அங்குள்ள தரம்பிரிக்கும் கிடங்கில் முன்பே ஒப்புக்கொண்ட மாதிரித் துணியோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுவார்கள். நீளம், அகலம், இழை நெருக்கம் குறைந்தால் தரம் இறங்கும் அல்லது திரும்பும். முன்பணம் வாங்கிய நெசவாளன் திரும்பிய துணியோடு கடனையும் சுமந்து வீடு போவான். தேறிய துணியை மடித்து, அடுக்கி, அழுத்தி, மெழுகுசீலையில் சுற்றி, மேலே கோணியால் தைப்பார்கள். மெழுகுசீலை நீருக்கு, கோணி உராய்வுக்கு, இறுக்கம் இடத்துக்கு. கப்பலில் விலையுயர்ந்தது இடம்தான். கூலி எடையை மட்டும் பார்ப்பதில்லை, பொதி அடைக்கும் இடத்தையும் அளக்கிறது. ஆகவே காற்றை வெளியேற்றுவதே கட்டுபவனின் முதற்கலை. பின்னாளில் பருத்தியைத் திருகு அழுத்திகளிலும் நீராவி அழுத்திகளிலும் இட்டு நெருக்கி இரும்புப் பட்டையால் இறுக்கியதும் இதே கணக்கின் தொடர்ச்சியே.

கப்பலின் அடித்தளத்தில் துணியை வைக்க முடியாது; அடியில் எப்போதும் நீர் தேங்கும். கனமான, நனைந்தாலும் கெடாத பொருள் கீழே வேண்டும். சோழமண்டலக் கரையில் அதற்குக் கிடைத்தது செம்மரம். சாயத்துக்கும் விலைபோகும், கப்பலையும் நிலைநிறுத்தும், துணியையும் ஈரத்துக்கு மேலே உயர்த்தும். ஒரு காலத்தில் துணிக்கு மெத்தையாகச் சென்ற அதே மரம் இன்று தடைசெய்யப்பட்ட பொருள். வேறு சரக்கின் பெயர் எழுதிய கன்டெய்னர்களுக்குள் ஒளித்துக் கடத்தப்பட்டதாகச் சென்னைச் சுங்கத்துறை பிடிக்கும் செய்திகளை நாளிதழ்களில் அவ்வப்போது காண்கிறோம். அன்று துணிக்கு அடியில் மரம், இன்று பிற சரக்கின் பெயருக்கு அடியில் மரம்.

தைத்து முடித்த பொதியின் மேல் ஒரு குறி இடுவார்கள். இதய வடிவம், அதை நான்காகப் பிரிக்கும் கோடுகள், ஒவ்வொரு பிரிவிலும் ஓர் எழுத்து, மேலே நான்கு என்ற எண்ணைப் போன்ற ஒரு வடிவம். ஒன்றுபட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் பொதிக்குறி அது. இக்குறி கோணியோடு நின்றுவிடவில்லை. 1794, 1797 ஆண்டுகளில் சென்னை மாகாணத்துக்காக அடிக்கப்பட்ட செப்புக்காசுகளின் ஒரு பக்கத்தில் அதே பொதிக்குறியைக் காணலாம். மன்னர்கள் காசில் தம் தெய்வத்தையும் கொடிச்சின்னத்தையும் பொறித்தார்கள். கம்பெனி தன் மூட்டையின் அடையாளத்தைப் பொறித்தது. ஆட்சி எதிலிருந்து முளைத்தது என்பதற்கு இதைவிட நேர்மையான ஒப்புதல் வாக்குமூலம் இருக்க முடியாது.

இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டமியற்றி இந்திய அச்சுத்துணிகளை உள்நாட்டில் விற்பதையும் அணிவதையும் தடுத்தபின்னும் பொதிகள் நிற்கவில்லை, திசை மாறின. லண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயின. நைஜீரியாவில் இன்றும் ஒருவகைத் துணிக்கு ஜார்ஜ் என்று பெயர். புனித ஜார்ஜ் கோட்டையின் பெயர் அங்கு துணியின் பெயராகிவிட்டது. நெய்தவரின் பெயரோ வெளுத்தவரின் பெயரோ பொதியோடு கடல் கடக்கவில்லை. அனுப்பிய முகவரி மட்டுமே கடந்தது.

*

ஏற்றுமதியைப் பற்றிய கட்டுரையில் ஓர் இறக்குமதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிப்பங்கட்டும் கலையின் உச்சம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸைக் காட்டுவேன். பாஸ்டன் நகர வணிகர் ஃப்ரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்துப் பனிக்கட்டியாக வெப்பநாடுகளுக்கு ஏற்றியவர். 1833-ல் கல்கத்தாவுக்குச் சென்ற அவருடைய முதல் கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்டது. நான்கு மாதப் பயணத்தில் நிலநடுக்கோட்டை இருமுறை கடந்தும் சுமார் 100 டன் எஞ்சியிருந்தது. காத்தது எது? மரத்தூள். மர அறுவை ஆலைகள் குப்பையென ஒதுக்கிய தூள். அதன் துகள்களுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தைத் தடுத்தது. துணிப்பொதியில் காற்றை வெளியேற்றுவது கலை. பனிப்பொதியில் காற்றைப் பிடித்துவைப்பது கலை. பொருளின் குணம் அறியாதவன் சிப்பம் கட்டத் தகுதியற்றவன் என்பதற்கு இதைவிட எளிய பாடம் வேண்டாம்.

சென்னைக்கான பனிக்கிடங்கு 1842-ல் கட்டப்பட்டது. அந்தப் பனிக்கட்டியும் கப்பலிலிருந்து மசூலாப் படகில்தான் கரையேறியிருக்க வேண்டும், வேறு வழியில்லை. அமெரிக்க ஏரியின் குளிரை, தென்னங்கயிற்றால் தைத்த படகில், வெற்றுடம்போடு சிலர் அலை கடத்திக் கொண்டுவந்த காட்சியை நண்பர்கள் சற்றுக் கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். பின்னாளில், 1897-ல், விவேகானந்தர் தங்கிய இல்லமாகவே அக்கட்டடத்தை நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

*

இப்போது காக்ரேனுக்கு வருவோம். பேசில் காக்ரேன் கம்பெனிக் காலத்து வணிகர். சென்னையிலிருந்து எண்ணூர் வரை உப்பங்கழியோடு இணைத்து வெட்டப்பட்ட கால்வாய் 1806 முதல் அவருடைய பெயரால் வழங்கியது. உப்பும் விறகும் அதில் படகேறி வந்தன. படிப்படியாக வடக்கிலும் தெற்கிலும் நீண்ட அக்கால்வாய், 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே நிவாரண வேலையாக வெட்டப்பட்ட இணைப்புக்குப் பின் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. வெட்டியவர்கள் பசித்தவர்கள். பெயர் பெற்றவர் ஆளுநர்.

அப்பஞ்சத்தின்போது கடல்வழி வந்த தானிய மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் திறந்தவெளியில் குவிந்து கிடந்தன. உள்நாட்டுக்கு எடுத்துச்செல்ல ரயில்களுக்கு வேகம் போதவில்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ஓடி இருபதாண்டுகள் கழிந்திருந்தன. இருப்பினும் தானியம் மணலில் கிடந்தது. மக்கள் உள்நாட்டில் மடிந்தார்கள். மூட்டையாகக் கட்டப்பட்ட தானியம் உணவல்ல, சரக்கு. சாக்கின் வாயைத் தைத்தவுடன் ஒரு பொருள் மனிதருக்குரியதாக இருப்பதை விட்டுச் சந்தைக்குரியதாகிவிடுகிறது.

*

துறைமுகம் வேண்டும் என்று வணிகர்கள் நெடுங்காலம் கேட்டுவந்தார்கள். 1861-ல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலமொன்று அமைந்தது. 1868, 1872 புயல்கள் அதைச் செயலற்றதாக்கின. 1875-ல் துறைமுகச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பணி முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12 அன்று வீசிய புயல் வெளிச்சுவரின் பெரும்பகுதியைக் கடலில் தள்ளியது. பொறுமையாக மீண்டும் கட்டினார்கள். 1904-ல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், மணல் அடைத்துக்கொண்டிருந்த கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் புதுவாயில் திறந்து, கப்பல்கள் நேரடியாக அணையத்தக்க மேடைகளை அமைத்து, அதை உண்மையான துறைமுகமாக்கினார். அவர் தலைமையிலிருந்த அலுவலகத்தில் 1912-ல் ஓர் எழுத்தர் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். அவர்தான் ஸ்ரீனிவாச ராமானுஜன். சிப்பம் சுற்றிய காகிதங்களைத் தேடியெடுத்து அவர் கணக்குப் போட்டதாக ஒரு வழக்குச் செய்தி உண்டு. மெய்யோ புனைவோ, பொட்டலக் காகிதத்துக்குக் கிடைத்த பெருமையென்று அதை வைத்துக்கொள்ளலாம்.

மேடைகள் வந்தபின் சரக்கு அலை கடக்க வேண்டியதில்லை. மசூலாப் படகின் காலம் முடிந்தது. ஆனால் கடல் தன் கணக்கை வேறிடத்தில் எழுதியது. இக்கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே மணல் வந்து சேராமல் ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டது. தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போயின. பாறாங்கல் சுவர் எழுந்தது. சரக்கு நனையாமல் காக்கக் கட்டிய சுவர், அச்சரக்கை அதுவரை சுமந்தவர்களின் குப்பங்களை நனைத்துவிட்டது. தென்சென்னையில் மாலைக்காற்று வாங்கும் நாம் நிற்பது வடசென்னைக்குப் போய்ச்சேராத மணலின் மேல் என்பதை மறந்துவிடுகிறோம்.

*

சரக்கு சேதமானால் யார் பொறுப்பு? கடல் வணிகச் சட்டம் முழுவதும் இந்த ஒற்றைக் கேள்வியைச் சுற்றியே வளர்ந்தது எனலாம். இந்தியாவில் கப்பல் சரக்குச் சீட்டுச் சட்டம் வந்தது 1856-ல், ராயபுரம் நிலையம் திறந்த அதே ஆண்டு. கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 1925-ல் வந்தது. இவ்விரண்டும் 2025-ல்தான் புதிய சட்டங்களுக்கு இடம் தந்தன. 1924-ல் நாடுகள் ஒப்பிய ஹேக் விதிகளைத் தழுவிய 1925 சட்டத்தில் ஒரு சிறு வாசகம் உண்டு: சிப்பம் போதிய அளவில் கட்டப்படாததால் நேர்ந்த இழப்புக்குக் கப்பல்காரர் பொறுப்பாகார். காப்பீட்டு ஒப்பந்தங்களிலும் இதே விலக்கைக் காணலாம். புயலுக்குக் கப்பல்காரர் பொறுப்பில்லை. கட்டின் குறைக்கு அவரும் பொறுப்பில்லை, காப்பீட்டாரும் பொறுப்பில்லை. மிஞ்சுபவர் அனுப்பியவர். அனுப்பியவருக்குக் கீழே இன்னொருவர் இருக்கிறாரே!

என் தாய்மாமா வடசென்னையில் தோல் ஏற்றுமதி செய்த ஒரு நிறுவனத்தின் கிடங்கில் சிப்பங்கட்டும் பிரிவில் மேஸ்திரியாக இருந்தார். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சென்னையிலிருந்து லண்டனுக்கு நெடுங்காலம் போய்க்கொண்டிருந்த சரக்கு. பட்டையின் மணம் அவருடைய சட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமையிலும் போகாது. ஓர் ஐப்பசி மழையில், கப்பல் புறப்படும் நாள் நெருங்கிவிட்டதென்று முழுக்கக் காயாத தோலைக் கட்டச் சொன்னார்களாம். இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று இவர் சொன்னதற்கு, கட்டுவது மட்டும் உன் வேலை என்று பதில் வந்தது. கட்டினார். இரண்டு மாதம் கழித்துப் பூஞ்சணம் பூத்த தோலின் புகைப்படங்கள் அஞ்சலில் வந்தன. 'சிப்பம் சரியாகக் கட்டப்படவில்லை' என்று ஆய்வாளர் எழுதியிருந்தார். மாமாவுக்கும் அவர்கீழ் இருந்த ஆறு பேருக்கும் அவ்வாண்டு தீபாவளிப் பணம் இல்லை. 'கட்டு சரியாத்தான்பா இருந்தது, உள்ளே வெச்சதுதான் சரியில்ல' என்று இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை; அது இப்போது இல்லை.

அவர் சொன்னதில் இயற்பியல் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் நீரை மெழுகுசீலை தடுக்கும். உள்ளேயே கட்டிவைத்த ஈரத்தை எதுவும் தடுக்காது. சென்னை வெயிலில் சரக்கு ஈரத்தை ஆவியாக விடுகிறது. கப்பல் குளிர்ந்த கடலுக்குள் நுழைந்ததும் இரும்புக்கூரை சில்லிடுகிறது. ஆவி கூரையில் நீர்த்துளியாகிச் சரக்கின் மேலேயே சொட்டுகிறது. கன்டெய்னர் மழை என்றே தொழிலில் இதற்குப் பெயர். வானம் பார்க்காத பெட்டிக்குள் பெய்யும் மழை. கடலின் மேல் ஏறிய பொருளைக் கெடுப்பது பெரும்பாலும் கடலல்ல, கரையில் காட்டிய அவசரம்.

*

மாமாவின் கிடங்கில் பெட்டிகளின் மேல் கறுப்பு மையால் படங்கள் பதித்திருப்பார்கள்: ஒரு மதுக்கிண்ணம், ஒரு குடை, மேல்நோக்கிய இரு அம்புகள், குறுக்கே கோடிட்ட ஒரு கொக்கி. உடையும் பொருள், நனைக்காதே, இப்பக்கம் மேலே, கொக்கி போடாதே. உலகெங்கும் பொதுவாக்கப்பட்ட குறிகள் இவை. எந்த மொழியும் வாசிக்கத் தெரியாத சுமைகாரருக்காக வரையப்பட்ட ஓவிய மொழி என்று இதைச் சொல்லலாம். ஆனால் அக்குறிகளெல்லாம் பொருளைக் காக்கச் சொல்பவை. மனிதனைக் காக்கச் சொல்லும் குறி ஒன்றே ஒன்று: எடை.

1929-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை செய்தது. கப்பலேறும் சிப்பம் ஒன்று ஆயிரம் கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் அதன் எடையை வெளியே தெளிவாக, அழியாமல் எழுதியிருக்க வேண்டும். இவ்வளவே அதன் சாரம். ஏன்? பாரந்தூக்கியை இயக்குபவர் இரண்டு டன் என நம்பித் தூக்கியது நான்கு டன்னாக இருந்தால் சங்கிலி அறும். கீழே நிற்பவர் சாவார். பொய்யான எடை ஒரு கணக்குப்பிழை அல்ல, அது கொலைக்கருவி. இந்தியாவில் துறைமுகத் தொழிலாளர் வேலையை முறைப்படுத்தும் சட்டம் 1948-ல் வந்தது. அதுவரை காலையில் வாயிலில் கூடி நிற்பவர்களிலிருந்து கைகாட்டி எடுக்கப்பட்டவருக்கே அன்றைய கூலி.

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 58 உலோகப் பெட்டிகளோடு ஒரு கப்பல் புறப்பட்டது. அனுப்பியவர் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி. இளமையில் பருத்திப் பொதிகளை ஏற்றிவந்து, அவை ஒவ்வொன்றாகக் கப்பலேறுவதைக் காத்திருந்து பார்த்தபோது இவ்வெண்ணம் தோன்றியதாக ஒரு கதை சொல்வார்கள். உதிரியாக ஏற்றினால் டன்னுக்கு ஏறத்தாழ 5.86 டாலர் ஆன செலவு, பெட்டியாக ஏற்றியபோது 16 சென்டுக்கு இறங்கியது. அதன்பின் உலகில் எத்துறைமுகமும் பழையபடி இல்லை. சென்னையில் 1983-ல் கன்டெய்னர்களுக்கென்றே தனி முனையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. கொக்கி பிடித்த கைகளின் எண்ணிக்கை குறைந்தது. சிப்பங்கட்டும் வேலை துறைமுகத்தை விட்டு மாதவரம், மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்துச் சரக்கு நிலையங்களுக்கு நகர்ந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் வரிசைகட்டி நின்ற டிரெய்லர்களை வடசென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

பெட்டி வந்ததால் சிப்பம் முக்கியமற்றுப் போய்விடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அதுதான் ஆபத்து. 2007 சனவரியில் இங்கிலாந்துக்கு அருகே எம்.எஸ்.சி. நாப்போலி என்ற கப்பல் உடல் பிளந்தது. மீட்கப்பட்ட பெட்டிகளை எடைபோட்டபோது, மேல்தளத்தில் இருந்த சுமார் 660-ல் ஐந்தில் ஒரு பங்கு, எழுதிய எடைக்கு மூன்று டன்னுக்கு மேல் வேறுபட்டிருந்தது. 1929-ல் எழுதிய விதியை உலகம் மறுபடியும் எழுத வேண்டியதாயிற்று. 2016 சூலை 1 முதல், எடைபோட்டு உறுதிசெய்யாத கன்டெய்னர் கப்பலேற முடியாது.

எடை மட்டுமல்ல, கட்டிய மரமும் பேசத் தொடங்கியது. மரப்பெட்டிகளுக்குள் ஒளிந்து சென்ற ஆசிய வண்டினம் ஒன்று 1996-ல் நியூயார்க்கின் மரங்களில் கண்டறியப்பட்டது. 2002-ல் வந்த சர்வதேச விதிப்படி, ஏற்றுமதிச் சரக்கைத் தாங்கும் மரத்தை அதன் உட்பகுதி 56 பாகை செல்சியசை எட்டி 30 நிமிடம் நிலைக்கும்படி சூடேற்றியோ, புகையூட்டியோ, கோதுமைக்கதிர் முத்திரை இட வேண்டும். சரக்கை மட்டுமன்று, சென்று சேரும் ஊரின் மரத்தையும் காப்பது சிப்பத்தின் கடமை என்று மனிதன் ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆயிற்று.

தன் ஊரின் மனிதர்களைக் காப்பது? 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்து நகரையே சிதைத்தது. அடுத்த நாட்களில்தான் நமக்குத் தெரியவந்தது: 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அதே பொருள், ஏறத்தாழ 700 டன், 37 கன்டெய்னர்களில் மணலியில் ஐந்தாண்டுகளாகக் கிடக்கிறது என்று. அம்மாதத்திலேயே ஏலதாரர் வழி ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஐந்தாண்டு அப்பெட்டிகளைக் கடந்து பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு அவற்றுள் இருப்பது என்னவென்று யாரும் சொல்லவில்லை. பெட்டியின் வெளிப்புறம் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

*

நடைமேம்பாலத்திலிருந்து இறங்கும்போது ஒரு சரக்கு ரயில் கடந்துகொண்டிருந்தது. நீலம், சிவப்பு, பழுப்பு நிறப் பெட்டிகள். ஒவ்வொன்றின் கதவிலும் எண்ணும் எடையும். எண்ணிப் பார்க்க முயன்று நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

மாமா இப்போது இல்லை. அவருடைய கோணி ஊசி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. வளைந்த முனை, கையின் உப்பு ஏறிக் கறுத்த தண்டு. தைத்து முடித்ததும் நூலை அறுக்குமுன் பொதியை ஒருமுறை உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பாராம். ஏன் என்று கேட்டதற்கு, 'உள்ளே சரியா இருந்தா ஓசை வராது' என்றார்.

காயாத தோலைக் கட்டிய அந்த நாளிலும் தட்டிப் பார்த்திருப்பார். ஓசை வந்திருக்கும். கேட்கத்தான் அவருக்கு மேலே யாருமில்லை.